குடும்ப எஸ்யூவிக்குச் சத்தம் குறைந்த, சொகுசான டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுடையது மதுரையில் இருந்துகொண்டு மாதம் இரண்டு முறையாவது உசிலம்பட்டி, தேனி என்று ஊருக்குப் போய்வரும் குடும்பம். 215/60 ஆர்17 டயர் மாட்டிய நடுத்தர எஸ்யூவி. வண்டியோடு வந்த டயர் தேய்ந்ததும் முதல் முறை தப்பான டயரைப் போட்டுவிட்டு இரண்டு வருடம் அந்த இரைச்சலோடு ஓட்டினேன். அப்புறம்தான் நிதானமாக விசாரித்து மாற்றினேன். அதைப் பார்த்துச் சொந்தக்காரர்களும் தெருவில் இருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில்களை எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

வண்டி புதிதாக இருந்தபோது இந்தச் சத்தமே இல்லை. இப்போது மட்டும் ஏன்?

டயர் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் வருடா வருடம் இறுகிக்கொண்டே வரும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இறுகிய ரப்பர் சாலையில் பதிவதற்குப் பதிலாகத் தட்டுகிறது. கூடவே பட்டனும், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளும், தேய்கிறது. சமமாகத் தேய்ந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு பட்டனும் ஒரு முனையில் மட்டும் தேய்ந்து ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பற்கள் சாலையை அறையும். அதைத்தான் காருக்குள் 'ஊ' என்று தொடர்ந்து வரும் இரைச்சலாகக் கேட்கிறோம்.

இது ஒரே நாளில் வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் நாமும் பாட்டின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிறோம். வெளியூரிலிருந்து வந்து ஏறும் ஒருவர் சொன்னால்தான் உறைக்கும்.

சத்தம் டயரிலிருந்துதான் வருகிறதா, வீல் பேரிங்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

டயருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். மேலூரில் இருக்கும் என் மச்சான் நாலு டயரையும் மாற்றினார், சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் பின்பக்கம் ஒரு பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் பாகம்) போயிருந்தது. நல்ல டயரைக் கழற்றிப் போட்டதை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுவார்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஜன்னலை ஏற்றி, ஏசி ஃபேனையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, ரிங் ரோட்டில் வண்டி குறைவாக இருக்கும் நேரத்தில் 60, 70 வேகத்தில் ஒரே சீராகப் போங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்ஜின் சத்தமாக இருந்தால் உடனே தணியும். டயர் சத்தமும் பேரிங் சத்தமும் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறங்கும்.

அடுத்து சாலை மாறும் இடத்தைக் கவனியுங்கள். புதிதாகத் தார் போட்ட வழவழப்பான பகுதியிலிருந்து ஜல்லி தெரியும் சொரசொரப்பான பகுதிக்குப் போகும்போது சத்தத்தின் தன்மையே மாறினால் அது டயர். சாலை எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி முனகினால் பேரிங் மேல் சந்தேகப்படலாம். நீளமான வளைவில் இன்னும் தெளிவாகத் தெரியும். இடது பக்கம் வளையும்போது எடை வலது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடி, எதிர்ப்பக்கம் வளையும்போது குறைந்தால் வலது பக்கப் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், டயர் ஆறிய பிறகு, உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். குறுக்காகவும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் கையைப் பிடித்தால் தேய்மானம் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இன்னும் சந்தேகம் தீரவில்லையா? முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் டயர்தான்.

டயர் எப்படித்தான் சத்தம் போடுகிறது?

பட்டன் சாலையில் மோதுவது ஒன்று. பள்ளங்களுக்குள் மாட்டிக்கொண்ட காற்று அமுங்கி, பிதுங்கி வெளியே பீறிடுவது இன்னொன்று. மூன்றாவது, டயருக்குள் அடைபட்ட காற்று மத்தளம் மாதிரி அதிர்வது. நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் இணைப்புகளைத் தாண்டும்போது 'டங்' என்று ஒரு கூடான ஒலி காதில் விழுமே, அதில் இந்த மூன்றாவது காரணமும் இருக்கிறது. சில உயர்ரக டயர்களில் உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பது இந்த அதிர்வை உறிஞ்சத்தான்.

பட்டன் எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் ஒரே சுருதியில் ஊதுகுழல் மாதிரி கத்தும். அதனால் நல்ல டயரில் பட்டன்களை வேண்டுமென்றே சிறிதும் பெரிதுமாக மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். சத்தம் பல சுருதிகளாகச் சிதறிவிடும், காதை உறுத்தாது. கடையில் டயரைச் சுற்றிப் பார்த்தாலே இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கார் 40 கிமீ வேகத்தைத் தாண்டியதும் இன்ஜின் சத்தத்தைவிட டயர் சத்தம்தான் மேலோங்கும். சிம்மக்கல், கோரிப்பாளையம் நெரிசலுக்குள்ளேயே ஓட்டுபவர் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். நாலுவழிச் சாலையில் திருச்சி, திருநெல்வேலி என்று ஓடுபவருக்குத்தான் இது முழுப் பிரச்சினை.

எச்டி, ஏடி என்கிறார்களே, எதை வாங்குவது?

எச்டி (ஹைவே டெரெய்ன்) என்பது தார்ச்சாலைக்கானது. ஏடி (ஆல் டெரெய்ன்) என்பது தார்ச்சாலை, மண் பாதை இரண்டுக்கும். ஏடியில் பட்டன் பெரிது, இடைவெளி அகலம். சேற்றில் பிடிக்கும், கல் குத்தைத் தாங்கும். அதற்கு விலையாகத் தார்ச்சாலையில் இரையும், ஓட்டமும் முரடாக இருக்கும், டீசலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

நான் தவறியது இங்கேதான். கடைக்காரர், "எஸ்யூவிக்கு இதுதான் சார் கம்பீரம், உங்க ஊர்ப்பக்கம் ரோடும் மோசம்" என்றார். பார்க்கவும் நன்றாக இருந்தது. போட்டுவிட்டேன். எங்கள் அப்பத்தா காது கேட்கும் கருவி போட்டிருப்பவர். அந்தக் கருவி பேச்சை மட்டுமா கூட்டும், டயர் இரைச்சலையும் சேர்த்துக் கூட்டும். செக்கானூரணி தாண்டுவதற்குள் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுவார். பிறகு ஊர் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் அவருக்கு எட்டாது. தூங்குகிறார் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டோம். விஷயம் தெரிந்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

உங்கள் ஊருக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை என்றால்கூட எச்டி டயரே போதும், மெதுவாகப் போனால் சரி. தினமும் தோட்டத்துக்குள், கரிசல் சேற்றில், குவாரிப் பாதையில் ஓட்டுபவர் மட்டும் ஏடி பக்கம் போங்கள்.

எந்த பிராண்டு நல்லது?

பிராண்டு பெயரை மட்டும் சொல்லி வாங்குவதுதான் பலரும் செய்யும் பிழை. ஒரே கம்பெனியில் அமைதியான டயரும் இருக்கும், இரையும் டயரும் இருக்கும். பெரும்பாலும் பெயரும் ஒன்றாகவே இருக்கும், கடைசி எழுத்து மட்டும் வேறு. எம்ஆர்எஃப் வாண்டரர் என்றால் தார்ச்சாலைக்கும் உண்டு, ஏடியும் உண்டு. அப்பல்லோ ஆப்டெராவிலும் யோகோஹாமா ஜியோலேண்டரிலும் அப்படியே. பில்லில் முழுப்பெயரும் எழுதச் சொல்லுங்கள்.

சொகுசையும் அமைதியையும் முன்வைத்துச் செய்யப்படும் வரிசைகள் என்றால் மிஷெலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா, யோகோஹாமா புளூஎர்த், கான்டினென்டல் கம்ஃபோர்ட்கான்டாக்ட் போன்றவற்றை முதலில் விசாரியுங்கள். எல்லா அளவும் எல்லா வரிசையிலும் கிடைக்காது. அதனால் உங்கள் அளவைச் சொல்லி இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டுப் பட்டியலைச் சுருக்குங்கள். கொஞ்சம் சிக்கனமாக என்றால் அப்பல்லோ, சியட், எம்ஆர்எஃப், ஜேகே, குட்இயர் எல்லாவற்றிலும் தார்ச்சாலைக்கான எஸ்யூவி டயர் உண்டு. சிக்கன விலை டயரெல்லாம் கத்தும் என்று நினைக்க வேண்டாம். என் அனுபவத்தில் விலை கூடிய ஏடியைவிட, விலை குறைந்த எச்டி பல மடங்கு அமைதி.

வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலை இருப்பதால், "நம்ம ஊர் டயரே போடலாமே" என்று ஆசையாகக் கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பெருமை இருக்கிறது. ஆனால் அங்கிருந்து பெரும்பாலும் இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டி டயர்கள்தான் வருகின்றன. உங்கள் வீட்டு பைக்குக்குத் தாராளமாகப் பாருங்கள்.

ஒரு சைஸ் அகலமாகப் போட்டால் சொகுசு கூடுமா?

சத்தம் கூடும். அகலம் ஏற ஏறச் சாலையைத் தொடும் ரப்பரும் அதற்குள் அமுங்கும் காற்றும் கூடுகின்றன. சொகுசு தருவது அகலம் இல்லை, டயரின் பக்கச் சுவர் உயரம். 215/60 ஆர்17 என்பதில் 215 அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் 60 சதவீதம் பக்கச் சுவர் உயரம், அதாவது 129 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அந்த 129 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் பள்ளத்தின் அடியை முதலில் வாங்குகிறது.

அதனால் பெரிய ரிம்முக்கு மாற ஆசைப்படுபவர்கள் யோசியுங்கள். ரிம் பெரிதாகும்போது மொத்த உயரத்தைக் காப்பாற்றப் பக்கச் சுவரைக் குறைத்தாக வேண்டும், ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். மாறாக, 17 அங்குலத்திலிருந்து 16 அங்குல ரிம்முக்கு இறங்கி 215/65 ஆர்16 போட்டால் மொத்த விட்டம் 690க்குப் பதில் 686 மில்லிமீட்டர், ஏறக்குறைய அதே உயரம். பக்கச் சுவர் மட்டும் சுமார் 11 மில்லிமீட்டர் கூடுகிறது. உங்கள் மாடலிலேயே கீழ் வேரியண்டுக்குக் கம்பெனி 16 அங்குலம் கொடுத்திருந்தால் மட்டும் இதைப் பற்றி யோசியுங்கள். பிரேக் மேல் இடிக்காமல் அது உட்காருமா என்பதும் அப்போதுதான் நிச்சயம். மற்றபடி டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவை மாற்றாதீர்கள்.

அளவுக்குப் பிறகு 96எச் என்று இருக்கிறதே?

96 என்பது அந்த ஒரு டயர் தாங்கும் எடையின் குறியீடு: 710 கிலோ. எச் என்பது மணிக்கு 210 கிமீ வரை தாங்கும் என்பது. வேகக் குறியீடு நமக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் எடைக் குறியீடு பழைய டயரைவிடக் குறைந்துவிடக் கூடாது. ஏழு பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்துப் போகிற வண்டிக்கு இதில் சமரசம் வேண்டாம். எக்ஸ்எல் என்று போட்டிருந்தால் பக்கச் சுவர் வலுவூட்டப்பட்டது. கம்பெனி கேட்டிருந்தால் கட்டாயம் போட வேண்டும். கேட்காத வண்டிக்குப் போட்டால் ஓட்டம் சற்று விறைப்பாகும்.

தயாரிப்புத் தேதியை எங்கே பார்ப்பது? எவ்வளவு பழசு வரை வாங்கலாம்?

பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளோடு வரும் வரிசையின் முடிவில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண்கள் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும், மாட்டிய பிறகு உள்பக்கமாகப் போய்விட்டால் பார்க்க முடியாது. மாட்டும் முன்பே பாருங்கள், நாலையும் பாருங்கள்.

நிழலில், சரியாக அடுக்கி வைத்த டயர் ஒரு வருடப் பழசு என்பதில் தப்பில்லை. நான் வைத்துக்கொண்ட எல்லை ஆறு மாதம். இரண்டு வருடம் கடந்ததைத் தள்ளுபடி என்று கொடுத்தால் எனக்கு வேண்டாம். நாம் தேடுவது மென்மையை, அதுதான் முதலில் போகிறது.

லேபிளில் டெசிபல் எழுதியிருக்கிறது. குறைவாக இருப்பதை வாங்கினால் போதுமா?

அந்த எண் காருக்குள் கேட்கும் சத்தம் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு 80 கிமீ வேகத்தில் உருள விட்டு, சாலை நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். சாலையோரம் நிற்பவருக்கு எவ்வளவு கேட்கும் என்பதற்கான அளவு அது. உள்ளே வரும் சத்தம் சஸ்பென்ஷன் வழியாகவும் தரைத் தகடு வழியாகவும் வருவது. இரண்டும் ஓரளவு சேர்ந்து போகும், ஆனால் ஒன்றல்ல. 3 டெசிபல் குறைந்தால் ஒலி ஆற்றல் பாதியாகிறது என்பதால் 68க்கும் 72க்கும் வித்தியாசம் உண்டு. 69க்கும் 70க்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர லேபிள் வேறு விஷயம். அது எரிபொருள் மிச்சத்தைப் பற்றிச் சொல்வது, அமைதியைப் பற்றி இல்லை.

அமைதியான டயர் மழையில் வழுக்குமா? கொடைக்கானல் போவோம், பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியது தேய்ந்த டயருக்குத்தான். நல்ல சொகுசு டயர் பலவும் ஈரத்திலும் நன்றாகவே பிடிக்கும், மென்மையான ரப்பர் சாலையின் சொரசொரப்புக்குள் பதிவதால். ஆனால் மைலேஜையும் நீண்ட ஆயுளையும் மட்டுமே பேசும் டயரை வாங்கும்போது ஈரப்பிடிமானம் எப்படி என்று தனியாக விசாரியுங்கள்.

பட்டன் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படி அதற்குமேல் ஓட்டக் கூடாது. நான் அதுவரை காத்திருக்கமாட்டேன். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், அதிலும் ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுவேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது பின் சீட்டில் இருப்பவர்கள் நம்மை நம்பித்தான் கண்ணை மூடுகிறார்கள்.

நாலையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமா?

முடிந்தால் நாலும். முடியாவிட்டால் ஒரே அச்சில் இரண்டும் ஒரே மாதிரி. அந்தப் புது ஜோடியைப் பின்னால் போடுங்கள், முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தாலும். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் இரண்டு மட்டும் மாற்றுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள். டயர்களின் உயரம் வேறுபட்டால் கியர் பாகங்கள் சிரமப்படும்.

மதுரை வெயிலுக்குக் காற்று எவ்வளவு அடிப்பது? குறைத்து அடித்தால் சொகுசு கூடுமா?

இதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதலாம். நிறையப் பேர், "வெயில் காலம், ரெண்டு பாயிண்ட் கம்மியா அடிங்க" என்கிறார்கள். செய்யாதீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கும், மடங்க மடங்கச் சூடேறும். வெடிக்க வைப்பது பெரும்பாலும் அந்தச் சூடுதான். குறைந்த காற்றில் டயரின் இரண்டு ஓரமும் தேயும், சத்தமும் கூடும்.

ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு, 'பாயிண்ட்' என்பதும் இதுதான்) என்றால் 33, டயர் ஆறியிருக்கும்போது. காலையில் எழுந்ததும், பங்க் அருகிலேயே இருந்தால், ஓட்டிப் போய் அடித்துவிடுங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். மதியம் விருதுநகரிலிருந்து வந்து இறங்கியதும் 37 காட்டினால் அது இயல்பு. பங்க் தம்பி இறக்க வந்தால் தடுத்துவிடுங்கள், மறுநாள் காலை அது 29, 30 ஆகிவிடும். குடும்பம் முழுதும் ஏறி, சாமானும் ஏற்றினால் ஸ்டிக்கரில் முழு எடைக்கு என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணைப் பின்பற்றுங்கள்.

மாறாக, மூன்று பாயிண்ட் கூட்டி அடிப்பவரும் உண்டு, "டயர் டைட்டா இருந்தாத்தான் நல்லது" என்று. அது பள்ளத்தை அப்படியே இடுப்புக்கு அனுப்பும். பல நேரம் புது டயரே தேவைப்படாது. 40 அடித்திருந்த காற்றை 33க்குக் கொண்டுவந்ததுமே "வண்டி மாறிடுச்சே" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

நைட்ரஜன் அடித்தால் அமைதி வராது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடியுங்கள், கிடைக்காத ஊரில் சாதாரணக் காற்றையே சேர்த்து அடிக்கலாம்.

கடையில் மாட்டும்போது எதைக் கவனிப்பது?

பக்கத்தில் நில்லுங்கள். "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கிறேன்" என்றால் நல்ல மெக்கானிக் யாரும் கோபப்படமாட்டார். அவுட்சைடு என்று பொறித்த பக்கம் வெளியே வர வேண்டும், அம்புக்குறி இருந்தால் ஓடும் திசையைக் காட்ட வேண்டும். ரப்பர் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், செலவு மிகக் குறைவு. பேலன்சிங் (சின்ன வெயிட் ஒட்டிச் சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) நாலு சக்கரத்துக்கும் செய்ய வேண்டும். பழைய வெயிட்டைப் பிடுங்கிவிட்டுத்தான் புதிது ஒட்ட வேண்டும். ஒரு ரிம்முக்கு மட்டும் அளவுக்கு மீறி வெயிட் கேட்டால் டயரை ரிம்மில் பாதிச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீல் அலைன்மெண்ட்டை, அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வதை, விட்டுவிடாதீர்கள். பழைய டயரைக் கோணலாகத் தின்ற அதே கோளாறு புது டயரையும் தின்னும், ஆறு மாதத்தில் மறுபடி இரையும். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த எண்களை அச்செடுத்துக் கேளுங்கள். கடைசியில் போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி அனுப்பாமல், கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச் வைத்து முடிக்கச் சொல்லுங்கள். 100 கிமீ ஓடியதும் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

புது டயர் போட்டும் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கிறது. தப்பு நடந்துவிட்டதா?

இல்லை. புது டயரில் பட்டன் ஆழம் முழுசாக இருக்கும், மேற்பரப்பில் அச்சிலிருந்து வந்த வழவழப்பும் இருக்கும். முதல் 200, 300 கிமீ நிதானமாக ஓட்டுங்கள், திடீர் பிரேக் வேண்டாம். 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் மட்டும் பேலன்சிங் பார்க்கத் திரும்பப் போங்கள்.

உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

சாலையைப் பொறுத்தது. மோசமான ஜல்லிச் சாலையில் எந்த டயரும் அற்புதம் செய்யாது. நான் மாற்றிய மறு ஞாயிறு அதே வழியில் ஊருக்குப் போனோம். செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டி கணவாய் வரைக்கும் அப்பத்தா கருவியைக் கழற்றவில்லை. வழியில் தெரிந்த ஒவ்வொரு ஊரிலும் யாருக்கு யார் சம்பந்தம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

எத்தனை கிலோமீட்டர் வரும்?

சொகுசு டயர் மென்மையானது என்பதால் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அதை ஒப்புக்கொண்டுதான் வாங்க வேண்டும். 8,000 முதல் 10,000 கிமீக்கு ஒரு முறை முன்பின் மாற்றிக்கொண்டே வந்தால் தேய்மானம் சமமாகும், அமைதியும் கடைசிவரை நீடிக்கும். என்னைக் கேட்டால் அமைதிக்கு இதைவிட மலிவான வழி இல்லை. பட்டன் மிச்சம் இருந்தாலும் ஐந்து வருடம் ஆனதும் ஆண்டுக்கு ஒரு முறை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

விலை?

டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் அதைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு டயர் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். மாட்டும் கூலி, வால்வு, பேலன்சிங், அலைன்மெண்ட், பழைய டயருக்குக் கழிக்கும் தொகை எல்லாம் சேர்த்து மொத்தமாகக் கேளுங்கள். ஆன்லைனில் மலிவாகத் தெரிவது கடைசியில் ஒன்றாகிவிடுவதுண்டு. தேதியை நேரில் பார்க்கவும் முடியாது.

கதவுக்கும் தரைக்கும் ஒலித்தடுப்பு ஷீட் ஒட்டினால் போதாதா?

கதவு ஷீட் டயர் இரைச்சலை அதிகம் தடுக்காது, ஸ்பீக்கர் ஒலிக்குத்தான் உதவும். சக்கர வளைவுக்கும் தரைக்கும் ஒட்டினால் ஓரளவு பலன் உண்டு. முதலில் டயர், காற்று, அலைன்மெண்ட். அதன் பிறகும் குறை இருந்தால் ஷீட்.

ஸ்டெப்னியை என்ன செய்வது?

பல எஸ்யூவிகளில் ஸ்டெப்னி ஒரு அளவு சிறியதாக, இரும்பு ரிம்மில் வரும். அதை மற்ற நாலோடு சுற்றிவிடக் கூடாது. பஞ்சர் கடை வரைக்கும்தான் அது, அதில் எழுதியிருக்கும் வேகத்துக்குள் ஓட்டுங்கள். உங்கள் ஸ்டெப்னி மற்ற நாலின் அதே அளவு, அதே அலாய் என்றால், பழைய டயரில் நல்லதாக ஒன்றை அதில் மாட்டிவிட்டு வரலாம். மாட்டும் நாளிலேயே அதற்கும் காற்று பார்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடப்பது அதுதான்.